உழையாது வந்த பொருள்

சுந்தரர் பொருள் வேண்டிப் பேரூர் வந்தபோது, பட்டீசுவரர் உழவராகவும் அம்மை உழத்தியாகவும் வயலில் நாற்று நட்டனர் என்பது தலவரலாறு. ஆனி மாத நாற்று நடவு விழா அதனை நினைவூட்டுகிறது. வழங்கும் இறைவனே சேற்றில் இறங்கினான். எக்கொடைக்குப் பின்னும் ஓர் உழைப்பு உண்டு.

பாட்டன் தோட்டம் பேரனுக்கு வருவதைப் பெருமை என்கிறோம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைச் சிலர் இலவசம் என்று இகழ்ந்தனர். ஊதியமின்றி இல்லப்பணி புரியும் மகளிர்க்கு உரியது என்பதாலேயே அது உரிமைத் தொகை எனப் பெயர் பெற்றது.

தன் தோட்டத்தில் களையெடுக்கும் பெண் பெற்ற ஆயிரத்தைப் பழிக்கும் முன், தான் உழையாது பெற்ற தோட்டத்தை ஒருவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்றதைப் பிறர்க்கும் பயன்படச் செய்வதே அறம்.