காப்புக் கழற்றிய மறுநாள்

(ஆலயத் திருவிழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்திற்குக் காப்புக் கட்டி விரதம் பூண்டவர், ஒரு மண்டலம் முழுவதும் மதுவைத் தொடாதிருப்பதைப் பேராக்கில் கண்டறியாத குடும்பம் அரிது. ஈப்போ கல்லுமலைக்குக் காவடி சுமந்து நேர்த்திக் கடனைச் செலுத்தும் வரை அவர் வேறு மனிதராகவே விளங்குகிறார். மனைவி மக்கள் நிம்மதியாக உறங்குகின்றனர். காப்பைக் கழற்றிய மறுநாளோ மூன்றாம் நாளோ பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்கின்றனர். பிறகு அடுத்த தைப்பூசம் வரை பழைய கதைதான்.

இதனைக் கண்டு "பக்தி போதவில்லை" என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். அது தவறான தீர்ப்பு. விரதத்திற்கு முடிவு நாள் உண்டு, குடிநோய்க்கு இல்லை. விரத காலத்தில் பசனை, கூட்டு வழிபாடு, உடன் விரதமிருப்போர் என ஒரு துணை அவரைச் சூழ்ந்து நிற்கிறது. காப்போடு அத்துணையும் கழன்று விடுகிறது.

கள்ளுக்கு எதிராக இந்நாட்டுத் தமிழர் போராடாமல் இருந்ததில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். அவர்களின் தியாகம் பெரிது. பின்னாளில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையும் தாமான்களும் எழுந்தபோது, தோட்டத்தோடு கள்ளுக்கடைகள் பலவும் மறைந்தன. ஆனால் அந்த இடத்தைச் சம்சுப் புட்டி பிடித்துக்கொண்டது. லயத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் தூக்கிவிடப் பக்கத்து வீட்டார் இருந்தனர். தாமானில் கதவு சாத்தியிருக்கிறது. கடையை மூடுவது ஒரு வேலை. கடை மூடிய பிறகும் கை நடுங்குகிறவருக்குத் துணை நிற்பது வேறொரு வேலை.

அந்த இரண்டாவது வேலைக்கு உலகில் ஒரு வழி பிறந்தது 1935ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வணிக நிமித்தம் வந்திருந்தார் பில் வில்சன் என்பவர். பங்குச் சந்தையில் உழைத்தவர்; குடியால் அனைத்தையும் இழந்து, சில மாதங்களாகவே குடிக்காமலிருந்தவர். வந்த காரியம் தோற்றது. விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். அவர் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தார். அவர் தேடியது தமக்கு உபதேசம் செய்பவரை அன்று. தம்மைப்போல் குடியில் வாடும் மற்றொருவரை. அழைப்புகளின் முடிவில் ஒரு பெண்மணி, பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைக் காட்டினார். பதினைந்து நிமிடம் மட்டும் என்று வந்த மருத்துவர், ஏறத்தாழ ஆறு மணி நேரம் அமர்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்தது அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள். அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாயிற்று.

ஓர் ஆலய அன்பர் இக்கதையில் கவனிக்க வேண்டியது அந்தப் பெயர்ப் பட்டியலை. வழிபாட்டு இடத்தில் எடுத்துப் பேச யாரோ இருந்தனர் என்பதால் அன்று ஒரு வழி திறந்தது.

இக்கூட்டங்களுக்குச் செல்லத் தகுதி ஒன்றே: குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, வந்தவர்கள் இயன்றதைத் தந்து செலவை ஈடுகட்டுவர். முழுப் பெயர் கேட்கப்படுவதில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்பர். புதியவர் வாய் திறவாமல் அமர்ந்து திரும்பினாலும் குற்றமில்லை. இறைவனைப் பற்றிய பேச்சு வரும். ஆயினும் அவரவர் அறிந்த வடிவில் இறைவனைக் கொள்ளலாம், முருகன் என்றாலும் அம்மன் என்றாலும் தடை சொல்வாரில்லை. குடிப்பவரின் மனைவி, மக்களுக்கெனத் தனியே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இயங்குகிறது. வீட்டுப் பெண்கள் இதனை அறிந்திருப்பது மிகத் தேவை. கணவர் வர மறுத்தாலும் அவர்கள் செல்லலாம்.

கூட்டத்தைத் தேடுவதுதான் பேராக்கின் சிற்றூர்களில் கடினம். கோலாலம்பூர், பினாங்கு போன்ற பெரு நகரங்களில் கூட்டங்கள் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று மரம் சீவச் சென்ற ஒருவர் அங்கே தம் மனத்தைத் திறப்பது எளிதன்று. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் பல கூட்டங்கள் கைத்தொலைபேசி வழியாகவும் நடைபெறுவதால், வழி முன்னைப்போல் அடைபட்டதன்று. சென்னையில் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிக்கு இழந்தவர். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திராமல் கிராமத்திற்கே சிகிச்சை முகாமைக் கொண்டு சென்றார், ஊராரையும் துணைக்கழைத்து. குடிநோயாளி திரும்பிப் போய் வாழப்போவது அந்த ஊரில்தானே.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாள் தவறாது மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி இல்லாததைக் காண்பர். இதனைக் காற்றுக் கருப்பு என்றெண்ணி விபூதி போட்டுப் படுக்க வைத்தால் உயிருக்கே மோசம். காப்புக் கட்டும் முன்பே அரசாங்க மருந்தகத்தில் உண்மையைச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இயங்கும் உலு கிந்தா பகாகியா மருத்துவமனையின் பெயரைக் கேலிக்கே பயன்படுத்திப் பழகிவிட்டது சமுதாயம். அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆலய நிருவாகத்தினர் செய்யக்கூடியது செலவில்லாத ஒன்று. வெள்ளிக்கிழமை தவிர மற்ற இரவுகளில் பல ஆலயங்களின் பின்மண்டபம் பூட்டியே கிடக்கிறது. தைப்பூசம் முடிந்த வாரமே அதனை ஓர் இரவு திறந்து வைக்கலாம். குடியை விட்டுச் சில ஆண்டுகளான ஒருவர் பொறுப்பேற்றால் போதும். அத்தகையோர் ஒவ்வொரு தாமானிலும் உள்ளனர், கேட்பாரில்லாததால் பேசாமல் இருக்கின்றனர். நிருவாகத்தினர் உள்ளே அமர வேண்டாம். பதாகை, பொன்னாடை, படம் பிடித்தல் எதுவும் கூடாது; படம் எடுக்கப்படும் இடத்திற்கு எந்தக் குடிநோயாளியும் இரண்டாம் முறை வரமாட்டார். பத்து நாற்காலியும் ஒரு கூசாவில் தேநீரும் போதும். சாவி பண்டாரத்திடம் இருக்கட்டும். ஆலயத் தொலைபேசியை எடுப்பவரிடம் அருகிலுள்ள மருத்துவமனையின் எண்ணும், கூட்டம் நடைபெறும் கிழமையும் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். அழைப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை.