ஈராண்டில் ஒளியைக் கற்கலாம்



லேசர் ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவரிடம் முதலில் சொல்லப்படுவது எது தெரியுமா? கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள் என்பதுதான். பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் சிறு கதிர்கூட, கண் இமைப்பதற்குள் விழித்திரையைச் சுட்டுவிடும். 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கதிரைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் அது விழித்திரை வரை போய்ச் சேரும். ஒரு கதிருக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி வேறொரு கதிருக்குப் பயன்படாமலும் போகலாம்.

இப்படிக் கவனத்தையே முதல் தகுதியாகக் கேட்கும் படிப்பைத் தருகிறது, அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள மன்ரோ சமூகக் கல்லூரி. பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 1853-இல் தோன்றிய ஊர் அது. கோடாக் புகைப்படக் கருவிகள் பிறந்த ஊரும் அதுவே. லென்ஸ் செய்யத் தெரிந்த கைகள் அங்கே எப்போதும் தேவைப்பட்டன. எனவே 1960-களிலேயே அக்கல்லூரி ஒளியியல் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கத் தொடங்கியது. படிப்புக் காலம் இரண்டே ஆண்டுகள்.

மாணவர்கள் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். பிறகு அதன்மீது சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். கோடு கோடாக ஒளி வரிகள் தோன்றும். தட்டையான பரப்பில் வரிகள் நேராக இருந்தால் வேலை சரி. வளைந்தால் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது. ஒரு வரியின் இடைவெளி அளவுக்கு வளைந்தால், குறை ஏறக்குறைய 316 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் சுமார் இருநூறில் ஒரு பங்கு! அந்தக் குறையைக் கண்டுபிடித்து, மீண்டும் தேய்த்துச் சரிசெய்யும் பொறுமைதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி.

அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் ஒளியியல் கழகம் இயங்குகிறது. டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் 1985-இல் அப்பல்கலைக்கழகத்தில் செய்த லேசர் ஆய்வு, 2018-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஆய்வாளரின் சிந்தனை பெரிதுதான். ஆனால் ஆடியை மெருகேற்றவும், கதிரை இம்மியளவும் பிசகாமல் நேர்ப்படுத்தவும் ஆள் இல்லையென்றால் அந்தச் சிந்தனை தாளிலேயே தங்கிவிடும்.

ஒரு தொழிற்சாலையை நம்பிப் படிக்கலாமா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. 2012-இல் கோடாக் நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. நிறுவனம் தளர்ந்தது, தொழிலறிவு தளரவில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்கும், கைப்பேசிப் படக்கருவிக்கும், கண்ணாடியிழைத் தொலைத்தொடர்புக்கும் அதே அறிவுதான் அடிப்படை. ஒளியைக் கொண்டு இயங்கும் சில்லுகளை உருவாக்கும் தேசிய நிலையம் பற்றி அமெரிக்க அரசு 2015-இல் அறிவித்ததும் அதே ரோச்செஸ்டரில்தான்.

மலேசியாவிலும் 2001 முதல் சமூகக் கல்லூரிகள் உள்ளன. ஒளி உமிழும் டையோடுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் பினாங்கில் இருக்கின்றன. ஆனாலும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை தொழில்நுட்பப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், உறவினர் கூடும் விருந்துகளில் பெற்றோர் அதைச் சற்றுத் தயங்கித்தான் சொல்கிறார்கள். அந்தத் தயக்கம் பிள்ளையின் காதிலும் விழுகிறது. கையால் செய்யும் வேலை தாழ்வானது என்று அது நம்பிவிடுகிறது.

நேயர்களே, கல்லூரியின் பெயரை விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பயிற்சிக்கு எந்தத் தொழிற்சாலை? பின்னர் பட்டப்படிப்பைத் தொடர வழியுண்டா? இவற்றையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பிள்ளையின் படிப்பை நாலு பேர் நடுவே தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.