பால்வெட்டும் பசும்பாலும்



2016 மே 17. விடாத மழையில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அந்தச் செய்திகளை இன்று கைபேசியில் தேடும் பிள்ளை, பாடப்புத்தகச் சொல்லென்று 'நிலச்சரிவு' எனத் தட்டலாம். நம் பத்திரிகைகள் எழுதியதோ 'மண்சரிவு'. ஊர்ப்பெயரும் ஓரிடத்தில் அரநாயக்க, வேறிடத்தில் அரநாயக்கா. எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் கருவிக்கு இரண்டும் வெவ்வேறு ஊர்கள். செய்தி இருக்கும், பிள்ளையின் கண்ணில் படாது.

இதற்கான வழியை வினவல் விரிவாக்கம் என்கிறார்கள். நாம் கொடுத்த சொல்லோடு, அதே பொருளுள்ள வேறு சொற்களையும் கருவியே சேர்த்துத் தேடும். திவாகரமும் சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் திரட்டி வைத்தனவே, அப்படியொரு நிகண்டு கருவிக்கும் வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. முதலில் வந்த முடிவுகளில் எவை பொருத்தமென்று நாம் காட்டினால், அவற்றிலுள்ள சொற்களை எடுத்துக்கொண்டு கருவி மறுபடி தேடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டன் நடத்திய ஆய்வுகளில் வளர்ந்த இந்த முறையை விளக்கும் ரோக்கியோ என்ற ஆய்வாளரின் கட்டுரை 1971இல் ஒரு நூலில் வெளிவந்தது.

ஆனால் சொல்லைக் கண்டபடி பெருக்கினால் தேடல் தடம் மாறிவிடும். கேகாலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவர் 'பால்வெட்டு' என்று தேடுகிறார். கருவி 'பால்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பசும்பாலையும் மாட்டுப் பண்ணையையும் கொண்டுவந்தால் அவருக்கு என்ன பயன்? 'லயம்' என்றால் அகராதிக்குச் சங்கீதம். நமக்கு அது வரிசையாய்க் கட்டிய வீடு. பக்கத்தில் 'தோட்டம்' இருந்தால் லயம் வீடுதான், 'வெட்டு' இருந்தால் பால் இறப்பர்ப் பால்தான் என்று கருவிக்குச் சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லித்தர ஊர் அறிந்தவர்களால்தான் முடியும். தோட்டத்துப் பேச்சு இல்லாத நிகண்டு தோட்டத்து மக்களுக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் மலையக நூல்களும் இதழ்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அங்கே தேடும்போது ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். இறப்பர், ரப்பர், இரத்தினபுரி, ரத்னபுர, மண்சரிவு, நிலச்சரிவு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் வாய்வழக்கில் இன்னொரு பெயரும் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.