கேட்கும் விதம்



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் "வீட்டில் வன்முறை உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "அறைந்தாரா? தள்ளினாரா?" என்றால் பேச்சு வரும். இதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றோம்.

பொலிஸ் பதிவு, முறைப்பாடு கொடுத்தவரைத்தான் எண்ணும். 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பெண்களின் நல்வாழ்வு பற்றி நடத்திய அளவீட்டில், செயல்களைத் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டார்கள். துணையோடு வாழ்ந்த ஐந்து பெண்களில் ஒருவர், துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்.

தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது இத்தகைய ஆய்வுகளின் விதி. லயத்தில் தனிமை ஏது? ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அதனால் மாமியாரோடு வருபவரை, நிறை பார்க்கவென்று உள்ளே தனியாக அழைக்கிறோம். கதவைச் சாத்திய பிறகுதான் கேட்கிறோம்.