மேலாண்மைக் கல்வியின் முதற்பாடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியனின் வீட்டுத் திண்ணைக்கும் சற்று மதிப்புக் கூடிவிடுகிறது. எந்தப் படிப்பில் சேரலாம், எதைப் படித்தால் என்ன பயன் என்று கேட்டுக்கொண்டு பெற்றோரும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவ்வாறு தந்தையோடு வந்த மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இன்றைய என் பேச்சுக்குக் காரணமாகும்.

அவளை பி.பி.ஏ. என்னும் வணிக நிருவாகவியல் இளங்கலை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். "நாலு பேரை வேலை வாங்கக் கற்றுத் தரும் படிப்பு, ஐயா" என்றார் அவர், பெருமையோடு. மகளுக்கோ ஐயம் தீரவில்லை. "கணக்கியல் படித்தவர் கணக்கு எழுதுவார், மருத்துவம் படித்தவர் நோயைத் தீர்ப்பார். மேலாண்மை படித்தவர் தாமாகச் செய்யும் வேலை எது, ஐயா?" என்று கேட்டாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. நாளை வா என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிப்பு நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டில் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபரின் கொடையால், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881ஆம் ஆண்டிலேயே வணிகத்துக்கென ஒரு கல்லூரிப் பிரிவு தோன்றியது. நம் சென்னையில் 1886இல் பச்சையப்பர் அறநிலையத்தார் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி எழுந்தது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் ஏற்பட்டன. அவை பட்டம் பெற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. பள்ளிப் படிப்பை முடித்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் ஐந்தாண்டுப் படிப்பொன்றை இந்தூரிலுள்ள மேலாண்மை நிறுவனம் 2011இல் தொடங்கியது. 2024-25ஆம் கல்வியாண்டு முதல், பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்புக்குள்ளும் வந்துவிட்டது.

"இவையெல்லாம் இல்லாமலே நம் கடைத்தெரு வணிகர்கள் செல்வம் சேர்க்கவில்லையா?" என்று கேட்பவர் உண்டு. உண்மையே. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் இருக்கையில் இருந்தபடியே தராசையும் பார்க்கிறார், பணப்பெட்டியையும் பார்க்கிறார், கடன் கேட்டு வருபவரின் முகத்தையும் பார்க்கிறார். ஒருவரது கண் எட்டும் தொலைவுக்குள் ஒரு தொழில் அடங்கியிருக்கும் வரையில் அந்தக் கண்ணே போதும். தொழில் அதனைக் கடந்து விரியும்போதுதான் இடர் தொடங்குகிறது.

இதனைப் பெரிய அளவில் முதலில் உணர்ந்தவர்கள் இரயில்பாதை நடத்தியவர்கள். 1841ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்றில் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் மாண்டன. அதன் பின்னரே, அப்பாதையில் எவர் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு, எவர் எவருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வரையறுக்கப்பட்டன. ஆகவே மேலாண்மை என்பது செல்வர்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. பலர் கூடிச் செய்யும் வேலையில் ஒழுங்கு தவறினால் உயிருக்கே கேடு வரும் என்ற அச்சமும் அதனைப் பெற்றெடுத்தது.

பிரான்சு நாட்டில் ஆன்றி ஃபயோல் என்பவர் சுரங்கப் பொறியாளராகத் தொழில் தொடங்கிப் பெரிய நிறுவனமொன்றின் தலைவராக உயர்ந்தார். அவர் 1916இல் வெளியிட்ட நூலில் நிருவாகத்தை ஐந்தாக வகுத்தார்: திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கண்காணித்தல். பொறியியலைக் கற்பிக்கும் பள்ளிகள் நிருவாகத்தைக் கற்பிப்பதில்லையே என்பது அவரது குறை. அது பிறவியில் வருவது மட்டுமன்று, கற்பிக்கவும் கற்கவும் கூடியது என்று அவர் வாதாடினார். ஐந்தில் ஆணையிடல் ஒன்றே ஒன்று என்பதை நீங்கள் நோக்க வேண்டும். ஏனைய நான்கையும் விட்டு அந்த ஒன்றையே பற்றிக்கொண்டவன் என்ன ஆவான் என்பதற்கு நானே சான்று. அக்கதையைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். பாடத்தை எப்படிப் பகுப்பது, கரும்பலகையில் எப்படி எழுதுவது, கேள்வியை எப்படிக் கேட்பது என்பவற்றையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தார்கள். பள்ளியொன்றை நடத்துவது எப்படி என்று கற்றுத் தந்தவர் எவருமிலர். 2003ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றேன். அங்கே 480 மாணவர் பயின்றனர். காலை இடைவேளை முடிந்து மணி அடித்த பின்னும் சிலர் தாமதமாகவே வகுப்புக்கு வருவதைக் கண்டேன். ஒழுங்கை நிலைநாட்டக் கருதி, தாமதமாக வருபவர் அந்தப் பாடவேளை முழுதும் வெளியே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டேன்.

ஆறாம் வகுப்பில் படித்த மெலிந்த சிறுவன் ஒருவன் நான்கு நாட்கள் தொடர்ந்து வெளியே நின்றான். நான்காம் நாள் அவனைக் கடிந்துகொண்டேன். "தண்ணீர் குடிக்கப் போனேன், ஐயா" என்றான். "எல்லோரும்தானே குடிக்கப் போகிறார்கள்? உனக்கு மட்டும் எப்படித் தாமதமாகிறது?" என்றேன். அவன் தலை குனிந்தான், விடை சொல்லவில்லை. அவ்வழியே வந்த எங்கள் அலுவலக உதவியாளர் அம்மையார்தாம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பெரிய பிள்ளைகள் முன்னால் நின்றுகொள்கிறார்கள், ஐயா. இவர்களுடைய முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது."

மறுநாள் இடைவேளையில் கைக்கடிகாரத்தோடு குழாயடியில் நின்றேன். ஒரு பிள்ளை தண்ணீர் குடித்து விலக ஏறத்தாழ 15 விநாடி ஆயிற்று. அப்படியானால் 10 நிமிட இடைவேளையில் ஒரு குழாயில் 40 பேர் குடிக்கலாம். எங்கள் பள்ளியில் இருந்த குழாய்கள் 6. ஆக 240 பேர். எஞ்சிய 240 பேர் என்ன செய்வார்கள்? தாகத்தோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அல்லது குடித்துவிட்டு வந்து என்னிடம் தண்டனை பெற வேண்டும். இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்பு அறிவே போதும். நானோ அதனைப் போடாமலே தண்டனை விதித்திருந்தேன்.

அடுத்த நாள் முதல் கீழ்வகுப்புகளுக்கு ஒரு நேரத்திலும் மேல்வகுப்புகளுக்கு வேறு நேரத்திலும் இடைவேளை விட்டோம். ஒரு காசும் செலவாகவில்லை. தாமதம் பெரும்பாலும் நின்றுவிட்டது. குற்றம் பிள்ளைகளிடத்தில் இல்லை; நான் வகுத்திருந்த அமைப்பிலே இருந்தது. ஆனால் அந்தச் சிறுவனை அழைத்து, "தவறு என்னுடையது" என்று சொல்லும் துணிவு அன்று எனக்கு வரவில்லை. தலைமையாசிரியனின் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணினேன்.

பின்னாளில் நூல்களைப் படித்தபோது, எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றி அறிந்தேன். 1950இல் ஜப்பானுக்குச் சென்று, தொழில் தலைவர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தவர் அவர். ஒரு நிறுவனத்தில் நேரும் குறைகளில் மிகப் பெரும்பாலானவை தொழிலாளியால் வருவன அல்ல, அமைப்பினால் வருவன. அமைப்பைத் திருத்துவது மேலாளரின் கடமை என்பது அவரது கொள்கை. படித்தபோது அச்சிறுவனின் குனிந்த தலை என் கண்முன் வந்தது.

இனி, இளங்கலை வகுப்பில் கற்பிக்கப்படும் பாடங்களை இந்தக் கதையோடு பொருத்திப் பாருங்கள். குழாய்க்கும் நேரத்துக்கும் நான் போட்ட கணக்கு, உற்பத்தி மேலாண்மையிலும் புள்ளியியலிலும் வருகிறது. சிறுவன் ஏன் வாய் திறக்கவில்லை, உதவியாளர் ஏன் தயங்கினார் என்பது நிறுவன நடத்தையியலில் வருகிறது. செலவில்லாத வழியைத் தேடுவது நிதி மேலாண்மைக்கு உரியது. தண்டனைக்கு எல்லை எது என்பதைத் தொழில் சட்டமும் அறநெறியும் கூறும். இவற்றோடு பொருளியல், கணக்குப் பதிவியல், சந்தையியல் முதலியனவும் சேர்கின்றன. பி.காம். படிப்பில் கணக்கு, தணிக்கை, வரி ஆகியவற்றுக்கு இடம் மிகுதி, பி.பி.ஏ. படிப்பில் மனிதரையும் வேலையையும் இணைக்கும் முறைகளுக்கு இடம் மிகுதி. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை.

ஆனால் சில எச்சரிக்கைகளையும் கூறவேண்டும். பட்டம் பெற்ற மறுநாளே மேலாளர் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலோர் விற்பனையிலோ அலுவலகத்தின் கீழ்ப்படியிலோதான் தொடங்க வேண்டியிருக்கும். அது இழிவன்று, அங்கேதான் அமைப்பின் குறைகள் கண்ணுக்குத் தெரியும். படிப்பின் ஒரு பகுதியாகத் திட்ட அறிக்கை எழுதச் சொல்வார்கள். அதனைக் கடையில் விலைக்கு வாங்கிக் கட்டடம் செய்து கொடுக்கும் மாணவர்கள் உண்டு. அவ்வாறு செய்பவர், குழாயடிக்குப் போகாமலே தண்டனை விதித்த என்னைப் போன்றவரே ஆவர். ஒரு பட்டறைக்கோ, கூட்டுறவுப் பண்டகசாலைக்கோ, மருத்துவமனையின் சீட்டு வழங்கும் இடத்துக்கோ சென்று ஒரு வாரம் நின்று பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், யார் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும், கட்டடத்தின் உயரத்தைப் பாராமல், மாணவரை இவ்வாறு வெளியே அனுப்பி, அவர்கள் எழுதி வந்ததைப் படித்துத் திருத்தும் ஆசிரியர் அங்கே உண்டா என்று விசாரியுங்கள்.

மறுநாள் அம்மாணவி வந்தாள். "அம்மா, மேலாண்மை கற்றவர் தாமாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. வேலை செய்பவரைக் குறை கூறுவதற்கு முன், அந்த வேலை அமைந்திருக்கும் முறையைச் சென்று பார்த்து, எண்ணி, திருத்துவதே அது" என்றேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் சேர்கிறேன், ஐயா" என்றாள்.

அந்தச் சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். எங்கேனும் ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ அவனும் சிலருக்குத் தலைவனாக இருக்கக்கூடும். இந்த வானொலிப் பேச்சு அவன் செவியில் விழுமாயின், காலம் தாழ்த்திச் சொல்லும் என் சொல்லை ஏற்றுக்கொள்வானாக: தம்பி, அன்று தவறு என்னுடையது.