பத்து புள்ளியை விட்டுவிடாதீர்கள்
(பிரிஞ்சாங் பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



4.0 எடுத்தால் மருத்துவம் கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2004-இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.0 எடுத்த 128 பேருக்கு முதலில் மருத்துவ இடம் மறுக்கப்பட்டது. ஓராண்டு மெட்ரிகுலேஷனையும் எஸ்.டி.பி.எம்.-ஐயும் ஒரே தராசில் நிறுக்கும் அநியாயத்தைப் பற்றி விடிய விடியப் பேசலாம். அந்தப் போராட்டம் நடக்கட்டும். இன்று நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

எஸ்.டி.பி.எம். முடித்து யு.பி.யு. வழி மனு செய்தால் படிப்புக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. கணக்குப் போடுங்கள். 4.0 எடுத்த பிள்ளைக்குப் புறப்பாடத்தில் 6 என்றால் மொத்தம் 96. 3.92 எடுத்த பிள்ளைக்கு 9.5 என்றால் 97.7. யார் முன்னால் நிற்பார்?

சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு. இவற்றில் வருகை, பதவி, பள்ளி அளவா மாவட்டமா மாநிலமா என்று பார்த்துப் புள்ளி வரும். நம் பிள்ளைகள் அடிபடுவது வருகையில்தான். மத்தியானம் தானா ராத்தாவில் பயிற்சி இருந்து, வேனும் போய்விட்டால், சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு எப்படி ஏறுவது? பொம்பளைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், "நீ வீட்டுக்கு வா" என்கிறோம். நாலு வீடு சேர்ந்து வாரம் ஒரு நாள் வண்டி பேசுங்கள். பள்ளிக்குக் கடிதம் கொடுத்துக் காரணத்தையும் பதியச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுதுவது. கழகத்துச் செயலாளராக இருந்த பையன் பாரத்தில் "உறுப்பினர்" என்று எழுதுகிறான். கூச்சமாம்! பதவி, ஆண்டு, அளவு மூன்றையும் எழுதுங்கள்; சான்றிதழோடு ஒத்துப் போகவேண்டும். பள்ளி பதிந்த புள்ளியை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் ஆசிரியரிடம் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். மனு போன பிறகு ஓடிவந்தால் வக்கீலாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

நேர்முகத் தேர்வில் "சமூக சேவையில் ஆர்வம்" என்று எல்லோரும் சொல்வார்கள். லயத்துப் பாட்டியை தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப்போய், டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்லியிருப்பாய். எத்தனை முறை போனாய், பாட்டி மருந்தை ஏன் பாதியில் நிறுத்தினார், அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று சொல். இதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். செய்யாததை மட்டும் சேர்க்காதே. இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

சான்றிதழ் கொண்டுவந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு என் மேசைக்கு வாருங்கள். ஆறாம் படிவம் போகிறவர்கள் முதலில்.