காற்றாடி நின்ற பத்து விநாடி

மயிலாப்பூரில் இன்று கூடியிருப்பவர்களில் சிலர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் காலை ஓபி-யை முடித்துக்கொண்டு நேரே வந்திருக்கிறீர்கள். இரு தரப்பையும் ஒரே வரிசையில் பார்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சென்ற மாதம் மந்தைவெளியிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளை அழைத்து வந்தார். கையில் டிக்டேஷன் நோட்டு. ஒரு சொல்லின் நடுவே பென்சில் கோடு சரிந்து, அடுத்த இரண்டு சொற்கள் விட்டுப்போயிருந்தன. ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் அப்படி. "கவனமே இல்லைன்னு மிஸ் சொல்றாங்க டாக்டர். கூப்பிட்டா வெறிச்சுப் பார்க்கறா" என்றார். குழந்தையிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. கண் திறந்தபடியே இருக்க, இமை மட்டும் லேசாகத் துடித்தது. பத்து விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஊதினாள். ஈஈஜி-யில் விநாடிக்கு மூன்று முறை வரும் கூர்முனை அலை. 1935-இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் விவரித்த அதே வடிவம். கவனக் குறைவு அல்ல, ஆப்சென்ஸ் எனப்படும் வெறிப்பு வலிப்பு.

வலிப்பு என்றால் மூளையில் அடக்கம் குறைந்துவிட்டது, காபாவைக் கூட்டினால் தணியும் என்று படித்து வந்தவர்கள் நாம். குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்திலிருந்து பி6 வைட்டமின் துணையோடு மூளை செய்துகொள்ளும் இன்னொரு அமினோ அமிலம் காபா. மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஓர் அடக்கும் பொருள் காபாதான் என்று 1957-இல் காட்டியவர்கள் மான்ட்ரியலைச் சேர்ந்த பேஸ்மோர், எலியட், ஃப்ளோரி.

ஆனால் அந்தக் குழந்தையிடம் இந்தப் பாடம் தலைகீழாகிறது. மூளையின் நடுவே உள்ள தலாமஸின் செல்லைக் காபா அழுத்தும்போது அதன் டி-வகைக் கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகிவிடுகின்றன. ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது போலத்தான். பிடி தளர்ந்ததும் முன்னே பாயும். தலாமஸுக்கும் பெருமூளைப் புறணிக்கும் இடையே ஊஞ்சல் ஆடி முடியும்வரை குழந்தை நம்மோடு இல்லை. 2009-இல் கார்டிஃபில் குரூனெல்லி குழுவினர் இந்த வலிப்புள்ள எலிகளை ஆராய்ந்தனர். காபாவைத் திரும்ப உள்ளே இழுக்கும் காட்-1 கடத்தி அவற்றில் சரிவர வேலை செய்யவில்லை. வெளியே தேங்கிய காபா செல்லை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

அதனால்தான் காபாவைக் கூட்டும் மருந்துகளான விகாபாட்ரினும் டயாகாபினும் இந்த வலிப்பை மோசமாக்குகின்றன. வேறு வழியில் வேலை செய்யும் கார்பமசிபைனும் அப்படியே. நோயின் பெயரில் வலிப்பு என்று இருப்பதாலேயே கார்பமசிபைனை எழுதிவிடுகிறோம், குழந்தை இன்னும் அதிகமாக வெறிக்கிறது, மருந்தளவை ஏற்றுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? இந்த வலிப்புள்ள 453 குழந்தைகளைச் சேர்த்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட் என்ற இரு மருந்துகளும் ஏறக்குறைய சமமாக வலிப்பை நிறுத்தின. கவனக் குறைபாடோ வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதம், எத்தோசக்சிமைடில் 33. ஈஈஜி-யை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது. எலியின் தலாமஸைப் பற்றிப் பேசப்போகும் நண்பர்களும், கூர்முனை அலைகளின் எண்ணிக்கையோடு அந்த விலங்கின் கவனம் என்ன ஆனது என்பதையும் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல்தான் நீங்கியது. மாம்பலத்து வீட்டுப் பேச்சில் இன்னும் நீங்கவில்லை. நோயைச் சொன்னதும் அந்தத் தாயும் என்னிடம் முதலில் கேட்டது திருமணத்தைப் பற்றித்தான். பல குழந்தைகளுக்கு இது பதின்பருவத்துக்குள் ஓய்ந்துவிடும் என்பதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

இன்றைய முதல் கட்டுரை காட்-1 பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.